மீன்தொட்டியின் அடிமணலை மாற்றுவது எப்படி: செட்டிநாட்டு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மீன்தொட்டியின் அடியில் பரப்பியிருக்கும் மணலும் கல்லும் அழகுக்காக மட்டும் அங்கே கிடப்பதில்லை. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும் நுண்ணுயிர்கள், அந்த மணலின் ஒவ்வொரு துகள் மீதும் மெல்லிய படலமாகப் படிந்து வாழ்கின்றன. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா இனங்களைச் சேர்ந்த இந்த உயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. மற்ற பல பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும், இவற்றுக்கோ பல மணி நேரமும் சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே பழைய மணலை ஒரே மூச்சில் அள்ளிக் கொட்டிவிட்டுப் பளபளவென்று புதிய மணலைப் போட்ட தொட்டியில் முதல் நாள் எல்லாம் நன்றாகவே தெரியும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒன்றிரண்டாகச் சாகும். வளர்ப்பவர் புதிய மணலில் விஷம் இருந்ததாக நினைப்பார். பெரும்பாலும் குற்றம் மணலுடையது அன்று, பழைய மணலோடு வெளியே போன நுண்ணுயிர்களுக்கு ஈடு செய்யாததே காரணம். அந்த உயிர்களை எப்படிக் காப்பாற்றிக்கொண்டு மணலை மாற்றுவது என்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

மாற்றத்தான் வேண்டுமா?

அழுக்காக இருக்கிறது என்பது மணலை மாற்றுவதற்குப் போதிய காரணம் ஆகாது. வாய் அகன்ற சைபன் குழாயை மணலுக்குள் செருகி, வாரம் ஒரு பகுதியாக அழுக்கை உறிஞ்சி எடுத்தாலே நன்றாகப் போடப்பட்ட அடிமணல் பல ஆண்டுகள் தாங்கும். மணலை முழுமையாக மாற்ற வேண்டிய நிலைகள் சில உண்டு. கடையில் வாங்கிய நீலம், இளஞ்சிவப்பு வண்ணக் கற்களின் சாயம் உரிந்து நீரில் கலக்கத் தொடங்கியிருந்தால் மாற்ற வேண்டும். கோரிடோரஸ், அயிரை போன்று அடியில் மேயும் மீன்களை விட்டிருக்கும் தொட்டியில் கூரான சில்லுகள் கிடந்தால் மாற்ற வேண்டும். கோரிடோரஸின் வாயோர மீசைகள் குட்டையாகி, நுனியில் வெளிறித் தெரிந்தால் அது கல்லின் கூர்மையாலோ அடியில் தேங்கிய அழுக்காலோ நேர்ந்தது என்று கொள்ளலாம். சிப்பித் துண்டு கலந்த மணலால் நீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போனாலும், சுட்ட மண் உருண்டைகளாக விற்கப்படும் செடி மண் சில ஆண்டுகளில் நொறுங்கிச் சேறாகிவிட்டாலும் மாற்றம் தேவைதான்.

இன்னொரு அடையாளத்தைத் தொட்டியின் பக்கக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். மணல் மிக ஆழமாகப் போடப்பட்ட இடங்களில், மேலே பழுப்பாக இருக்கும் மணல் கீழே போகப் போகச் சாம்பல் நிறமாகி, அடிக் கண்ணாடியை ஒட்டிக் கரும்பட்டையாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு குச்சியைச் செருகினால் கொப்புளங்கள் கிளம்பி, அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆக்சிஜன் புகாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அது. சிறு அளவில் மேலெழும் வாயு ஆக்சிஜன் உள்ள நீரில் விரைவில் சிதைந்துவிடும். ஆனால் மணல் முழுவதையும் ஒரே நேரத்தில் கிளறும்போது மீன்கள் உள்ளே இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். கரும்பட்டை தெரிகின்ற தொட்டியில் மீனை வெளியே எடுக்காமல் மணலைத் தொடவே கூடாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

எந்த மணலைத் தேர்வது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன் உங்கள் வீட்டுத் தண்ணீரை அறிந்துகொள்ள வேண்டும். செட்டிநாட்டுப் பகுதியில் ஒரே தெருவில் இரண்டு விதமான தண்ணீர் வருவது புதிதல்ல. காரைக்குடியில் சம்பை ஊற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதன் சுவை நன்றாகத் தெரியும். ஆழ்துளைக் கிணற்று நீரோ பல வீடுகளில் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளை உப்பாகப் படிகிறது. கடினமான ஆழ்துளை நீரைத் தொட்டிக்கு ஊற்றுபவர் சுண்ணாம்பு கலந்த மணலைப் போட்டால் கடினத்தன்மைக்கு மேல் கடினத்தன்மை சேரும். நீரின் தன்மையை எந்த வகையிலும் மாற்றாத மணல்தான் பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. அதற்கு முதல் தேர்வு குவார்ட்ஸ்.

நீர்ச் சுத்திகரிப்பு வடிகட்டிகளில் நிரப்புவதற்காக விற்கப்படும் குவார்ட்ஸ் மணல் அளவாகச் சலிக்கப்பட்டு வருவதால் தொட்டிக்கு மிகவும் பொருந்தும். 16/30 மெஷ் என்று குறிக்கப்படும் வகையின் துகள்கள் ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். இதைவிட நுண்ணிய மணல் இறுகிப் படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கும். ஃபில்டருக்குள் புகுந்து மோட்டாரையும் தேய்க்கும். அடியில் மேயும் மீன் இல்லாத தொட்டிக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையுள்ள உருண்டைக் கற்கள் போதும். சைபன் வைத்துச் சுத்தம் செய்வதும் அதில் எளிது. கோல்டு மீன் வளர்ப்பவர்கள் மட்டும் நடுத்தர அளவுக் கற்களைத் தவிர்க்க வேண்டும். அது தரையிலுள்ளதை எல்லாம் வாயில் அள்ளிச் சுவைத்துத் துப்பும் பழக்கமுடையது. ஒரு கல் தொண்டையில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. அதற்கு மணலாவது வேண்டும், அல்லது வாய்க்குள் நுழையாத அளவில் பெரிய கூழாங்கல்லாவது வேண்டும்.

வீடு கட்டும் இடங்களில் கிடைக்கும் எம்-சாண்ட்டைப் பலர் கேட்கிறார்கள். கல்குவாரியில் கருங்கல்லை உடைத்துச் செய்யப்படும் அதன் துகள்கள் முனை மழுங்காதவை. அதோடு கல் தூள் மிகுதியாகக் கலந்திருப்பதால் எத்தனை முறை கழுவினாலும் நீர் பால்போல வெளுத்தே நிற்கும். மலிவு என்பதற்காக அதை மீன் மேயும் தரையாகப் போடுவதை நான் ஏற்பதில்லை. ஆற்று மணல் நல்லதுதான். ஆயினும் ஆற்றிலோ கண்மாயிலோ தாமாக இறங்கி அள்ளி வருவது சட்டத்துக்குப் புறம்பானது, வயலிலிருந்து வடியும் பூச்சிமருந்தும் அட்டையும் புழுவும் அதோடு வீட்டுக்கு வந்து சேரும். வீட்டுப் பராமரிப்புக்காக முறையாக வாங்கிய ஆற்று மணல் மிச்சம் இருந்தால், சல்லடையில் சலித்து, நன்றாகக் கழுவி, வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தலாம். தொண்டிப் பக்கம் போய்வரும்போது கடற்கரை மணலைப் பையில் கட்டி வருபவர்களும் உண்டு. அதில் உப்பு மட்டுமல்லாமல் பொடிந்த சிப்பியும் இருப்பதால், எவ்வளவு கழுவினாலும் சுண்ணாம்பு போகாது.

செம்பறாங்கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மண்ணின் கல். அதில் இரும்பு மிகுந்திருப்பதால் நீர்ச்செடி வளர்ப்பவர்கள் வேர்களுக்கு இரும்புச் சத்து கிடைக்கட்டும் என்று அதன் பொடியை அடிமணலின் கீழ் அடுக்கில் மெல்லியதாகப் போடுவது பல நாடுகளில் பழக்கமாக இருந்து வருகிறது. அதையே மேல் பரப்பாகப் போட்டால் கரைந்த களிமண் நீரைச் செந்நிறமாக்கி, மீனின் செவுளிலும் படியும். செடி நடும் எண்ணம் இல்லாதவர் அதைத் தொடாமலிருப்பதே நல்லது. செடிக்கென்று பைகளில் விற்கப்படும் வளமண்ணைப் போட விரும்புபவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அது முதல் சில வாரங்கள் தானே அமோனியாவை நீரில் விடும். மீன் இருக்கும் தொட்டியில் அதை ஒரே நாளில் மாற்றிவிட்டு, அன்று மாலையே மீன்களைத் திரும்ப விடும் முறை பொருந்தாது. மூன்று நான்கு வாரங்கள் மீன்களை வேறு தொட்டியில் வைத்திருக்க இடம் உள்ளவர்கள் மட்டுமே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்த மணலை வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். உலர்ந்த மணலில் ஒரு கரண்டி எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, அதன் மேல் சில சொட்டு வினிகர் விட்டு உற்றுப் பாருங்கள். சிப்பித் துண்டு இருக்கும் இடத்தில் நுண்ணிய குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். குவார்ட்ஸ் துகள் ஈரமாவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது. சந்தேகம் தீராவிட்டால், ஒரு கண்ணாடிக் குவளையில் மணலும் நீரும், மற்றொன்றில் அதே நீர் மட்டும் ஊற்றி ஒரு வாரம் வைத்துவிட்டு இரண்டின் கடினத்தன்மையையும் சோதனைப் பட்டையால் ஒப்பிடலாம்.

பழைய மணல்தான் சுண்ணாம்பு கலந்தது என்றால் எச்சரிக்கை மறுபக்கத்தில் தேவைப்படும். பல மாதங்களாகக் கடின நீரில் வாழ்ந்த மோலி, கப்பி மீன்கள், மணலை எடுத்தபின் நீரின் கடினத்தன்மை சட்டென்று இறங்குவதைத் தாங்க மாட்டா. அத்தகைய தொட்டியில் மணலைப் பகுதி பகுதியாக மாற்றுவதே முறை. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் வேண்டிய ஆழத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். ஒரு லிட்டர் மணல் ஏறத்தாழ 1.6 கிலோ எடையிருக்கும். இரண்டடித் தொட்டியில் 60 × 30 × 5 என்பது 9 லிட்டர், அதாவது 14 கிலோவுக்குச் சற்று மேல். 36 × 15 × 18 அங்குலத் தொட்டிக்கு அதே ஆழத்தில் 28 கிலோ வேண்டும். செடி இல்லாத தொட்டிக்கு மணல் 3 சென்டிமீட்டர் ஆழம் போதும்; வேர் ஓடும் செடிகளுக்கு 5 முதல் 7 வரை தேவைப்படும். இதற்கு மேல் போடுவது கரும்பட்டைக்கு வழிவிடும்.

கழுவுதல்

மணல் மாற்றத்தில் பொறுமை மிகுதியாக வேண்டியது இந்த வேலைக்குத்தான். வாளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணலைப் போடாமல், குழாய் நீரை வேகமாகப் பாய்ச்சி, அரிசி களைவது போலக் கையை அடிவரை விட்டுச் சுழற்றி, மணல் அடங்கிய மறுகணமே மேல் நீரைச் சாய்த்துவிட வேண்டும். முதல் நீர் தேநீர் நிறத்தில் போகும். ஐந்தாறு முறைக்குப் பிறகு வெளிறும். அதன் பிறகும் கையை விட்டால் மெல்லிய புகை ஒன்று மணலிலிருந்து எழுவது தெரியும். அந்தப் புகை நிற்கும்வரை கழுவ வேண்டும். வாளியின் அடியில் போட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் எழுத்தைப் படிக்க முடிந்தால் போதும் என்பது நல்ல அளவுகோல். சோப்போ சலவைத் தூளோ பட்ட வாளியைப் பயன்படுத்தவே கூடாது. கடைசி நீர் மட்டும் குளோரின் நீக்கிய நீராக இருக்கட்டும். கழுவும் நீரைக் கிணற்றடி வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சிவிடலாம். சாக்கடையில் விட்டால் மணல் தூள் குழாயை அடைக்கும். பைகளில் வரும் செடி மண்ணை மட்டும் கழுவக் கூடாது, அது கரைந்துவிடும்.

முன்னேற்பாடு

உங்கள் தொட்டியில் இருப்பது எந்த ஃபில்டர் என்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டரோ, உள்ளே மாட்டும் பவர் ஃபில்டரோ, மேலே வைக்கும் டாப் ஃபில்டரோ இருந்தால் நுண்ணுயிர்களில் பெரும்பங்கு அதற்குள் இருக்கும். மணல் போனாலும் தொட்டி பெரும்பாலும் தாங்கும். ஆனால் மணலுக்கு அடியில் ஓட்டைத் தட்டு வைத்துக் காற்றுக் குழாயால் நீரை இழுக்கும் அண்டர் கிராவல் ஃபில்டர் உள்ள தொட்டிகளில், பழைய தொட்டிகள் பலவும் அப்படித்தான், கல்லே ஃபில்டர். அதை எடுத்தால் நுண்ணுயிர்கள் அனைத்தும் போய்விடும். அத்தகைய தொட்டியில் மணல் மாற்றத்துக்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கூடுதலாக வைத்து ஓட்டி, அதில் நுண்ணுயிர்கள் குடியேற விட வேண்டும். அந்தத் தட்டின் மேல் நுண்மணல் போடவும் முடியாது. மணல் தட்டின் துளைகளில் இறங்கிவிடும்.

மணல் மாற்றும் நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று வாரங்கள் ஃபில்டரைக் கழுவ வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணுபவர்களின் தொட்டியில்தான் மீன்கள் அதிகம் சாகின்றன.

காலத்தையும் பார்க்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகவும், 35 டிகிரியில் 7 ஆகவும் குறையும். சித்திரை, வைகாசி வெயிலில், மீன்களை நெருக்கி ஒரு டப்பாவில் பல மணி நேரம் வைப்பது அவற்றை வருத்துவதாகும். மார்கழி, தை, மாசி மாதங்களின் காலைப்பொழுது இந்த வேலைக்கு உகந்தது. கோடையில் செய்தே ஆக வேண்டுமென்றால் விடிந்ததும் தொடங்குங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளாக அது இருக்கக் கூடாது. ஆயினும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும். முந்தைய நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். நகராட்சிக் குழாய் நீராக இருந்தால் முந்தைய நாளே பிடித்துத் திறந்த வாளிகளில் வைத்துவிடுவதோடு, ஆன்டி-குளோரின் என்று கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலையும் சேர்ப்பது பாதுகாப்பு.

மீன்களை வைக்க உணவுத் தர பிளாஸ்டிக் டப்பா அல்லது டிரம்மைத் தேடுங்கள். செட்டிநாட்டு வீடுகளின் இரண்டாங்கட்டில் பெரிய செம்பு அண்டாக்களும் பித்தளைக் கொப்பரைகளும் வரிசையாக இருக்கும். கொள்ளளவைப் பார்த்து அவற்றில் மீனை விடும் ஆசை எழுவது இயல்புதான். அதைச் செய்யவே கூடாது. செம்பு நீரில் கரைந்தால் மீனுக்கு நஞ்சு, இறாலுக்கும் நத்தைக்கும் கடும் நஞ்சு. பித்தளையிலும் செம்புதான் பெரும்பங்கு.

தரையையும் காக்க வேண்டும். பட்டாசாலை எனப்படும் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த வீடென்றால் தடித்த தார்ப்பாயை விரித்த பின்பே வேலையைத் தொடங்குங்கள். கண்ணாடித் தட்டின் மேல் சிமெண்டும் வண்ணமும் மணலும் சேர்த்து வார்க்கப்படும் அந்தக் கல் சூளையில் சுடப்படாதது. அதன் மினுமினுப்பு பல ஆண்டு நடையாலும் துடைப்பாலும் வந்தது. ஈர மணல் சிதறி, அதன் மேல் வாளியை இழுத்தால் கோடு விழும். கண்ணாடியின் உப்புக்கறையை நீக்க வினிகர் பயன்படுத்துபவர்கள் அதில் ஒரு சொட்டும் தரையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அமிலம் சிமெண்டை அரிக்கும்.

மாற்றும் நாள்

முதலில் எல்லா மின் இணைப்புகளையும் பிளக்கிலிருந்தே கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மணலைத் தொடுமுன் தெளிந்த நீரைச் சைபனால் எடுத்துச் சேமிக்க வேண்டும். முதலில் மீன்கள் தங்கப்போகும் டப்பாவை நிரப்புங்கள், பிறகு வாளிகளில் முடிந்த அளவு பிடித்து வையுங்கள். பாதிக்குமேல் நீர் இறங்கியதும் பெரிய கற்களையும் கட்டைகளையும் செடிகளையும் மெல்ல எடுத்து, செடிகளை ஈரத்துணியால் மூடி வையுங்கள். நீர் குறைந்த நிலையில் மீன் பிடிப்பது எளிது; வலையை வேகமாக வீசாமல், ஒரு வலையை நிலையாக வைத்து மற்றொன்றால் மீனை அதை நோக்கி நகர்த்தினால் செதில் உரியாது. டப்பாவில் ஏர் பம்பு ஓடட்டும், மேலே துணியோ மூடியோ இருக்கட்டும். அஞ்சிய மீன் துள்ளும். ஃபில்டரையும் அதே டப்பாவிலோ பக்கத்து வாளியிலோ பொருத்தி உடனே ஓடவிடுங்கள். ஓடாமல் பல மணி நேரம் மூடிக்கிடந்த ஃபில்டரில் ஆக்சிஜன் தீர்ந்து, நாம் காப்பாற்ற நினைத்த உயிர்களே மடியும்.

மீன்களை எண்ணிப் பாருங்கள். அயிரை வளர்ப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அயிரை மணலுக்குள் உடல் முழுவதையும் புதைத்துக்கொண்டு கண்கள் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். நீர் இறங்கினால் இன்னும் ஆழமாகப் புகும். எண்ணிக்கை குறைந்தால் மணலை முறத்தால் அள்ளாமல், ஒரு கைப்பிடியாக எடுத்து விரல்களுக்கிடையே வழியவிட்டுப் பார்த்து அகற்ற வேண்டும்.

பழைய மணலில் மேல் அடுக்கிலிருந்து, கரும்பட்டை இல்லாத இடமாகப் பார்த்து, இரண்டு கைப்பிடி எடுத்து நைலான் வலைப்பையில் கட்டி, மீன் டப்பாவிலேயே போட்டு வையுங்கள். புதிய மணலுக்கு நுண்ணுயிர் விதை இதுதான். அதன் பிறகு மீதி நீரையும் கலங்கலையும் சைபனால் வெளியேற்றி, விளிம்பு மழுங்கிய பிளாஸ்டிக் முறத்தாலோ குப்பை அள்ளும் தட்டாலோ மணலை அள்ளுங்கள். உலோகக் கரண்டி வேண்டாம். கண்ணாடியில் கீறல் விழும், மூலைகளில் உள்ள சிலிக்கான் பசை பிய்ந்தால் தொட்டி ஒழுகும். ஈர மணல் உள்ள தொட்டியைத் தூக்கவோ நகர்த்தவோ கூடாது. அள்ளி முடித்தபின் ஈரத் துணியால் அடியைத் துடைத்தாலே போதும். பக்கச் சுவர்களில் படிந்த பசும்பாசியில் ஒன்றிரண்டு சுவர்களை அப்படியே விட்டுவிடுங்கள், அதிலும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன.

கனமான பாறைகள் உள்ள தொட்டியில் அவற்றை முதலில் வைத்து, அதன் பிறகே மணலைப் பரப்ப வேண்டும். மணலின் மேல் வைத்த பாறை, மீன் தோண்டும்போது சரிந்து கண்ணாடியை உடைக்கக்கூடும். கழுவிய மணலை ஈரமாகவே கைப்பிடியாக வையுங்கள், மேலிருந்து கொட்டாதீர்கள். பின்பக்கம் சற்று உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் பரப்பினால் அழுக்கு முன்பக்கம் வந்து சேரும், எடுப்பது எளிதாகும்.

நீர் ஊற்றும்போது மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, சிறு குழாயால் தட்டின் நடுவில் விழுமாறு மெதுவாக விடுங்கள். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவசரப்பட்டுக் கலக்கினால் தெளியப் பல மணி நேரம் காத்திருக்க நேரிடும். சேமித்த பழைய நீரை முதலில் ஊற்றி, குறைவதை மட்டும் புதிய நீரால் நிரப்புங்கள். பழைய நீரில் நுண்ணுயிர்கள் அதிகம் இல்லை. ஆனால் மீன் பழகிய கடினத்தன்மையும் வெப்பமும் அதில்தான் இருக்கின்றன. மாடித் தொட்டியிலிருந்து பகலில் நேரே பிடிக்கும் நீர் கைசுடும் அளவுக்கு இருக்கும். அதை ஒருபோதும் அப்படியே ஊற்றாதீர்கள். வெப்ப வேறுபாடு 2 டிகிரிக்குள் இருக்கட்டும்.

நீரின் மேல் மிதக்கும் தூள் படலத்தை ஒரு காகிதத்தைப் பரப்பி ஒற்றி எடுத்துவிடலாம். மணல் தூள் அடங்கியதும் ஃபில்டரைத் தொட்டிக்கு மாற்றி, வலைப்பையை அதன் நீர் வெளிவரும் இடத்துக்கு அருகில் தொங்கவிடுங்கள். மூன்று நான்கு வாரங்கள் அது அங்கேயே இருக்கட்டும். எதிர்ப்பக்கம் உள்ள பொருள்கள் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரியும் அளவுக்கு நீர் தெளிந்தபின், டப்பாவில் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, அரை மணி நேரம் கழித்து மீன்களை விடலாம். விளக்கை அன்று போட வேண்டாம்.

மீனை எடுக்காமல் பகுதி பகுதியாக மாற்றுதல்

கரும்பட்டை இல்லாத, மீன் குறைவாக உள்ள தொட்டியில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். தொட்டியின் தரையை மூன்று பட்டைகளாகக் கருதி, ஒரு பட்டையை மட்டும் தடித்த சைபன் குழாயால் நீரோடு சேர்த்து உறிஞ்சி எடுத்து, புதிய மணலைப் பிளாஸ்டிக் குவளையில் அடிவரை இறக்கிக் கவிழ்க்க வேண்டும். அடுத்த பட்டைக்கு இரண்டு வாரம் காத்திருங்கள். ஒரு முறையில் வெளியேறும் நீர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பழைய மணலும் புதிய மணலும் எல்லையில் கலந்துவிடும் என்பது இதன் குறை. நிறம் முற்றிலும் மாறவேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது. நுண்ணுயிர்களின் நோக்கில் இதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை. சிப்பி மணலிலிருந்து குவார்ட்ஸுக்கு மாறுபவர்களுக்கும், அண்டர் கிராவல் தொட்டி உள்ளவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

அடுத்த மூன்று வாரங்கள்

முதல் நாள் தீனி வேண்டாம். அதன் பிறகு ஒரு வாரம் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொடுங்கள். மீன் பட்டினியால் வாடாது, தின்னாத தீனியின் அமோனியாவால்தான் வாடும். அமோனியா, நைட்ரைட் சோதனைக் குப்பிகளை முன்கூட்டியே வாங்கி வைத்து, முதல் இரண்டு வாரங்கள் நாள்தோறும் பாருங்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் தெரிந்தால் தீனியை நிறுத்தி மறுநாள் மீண்டும் பாருங்கள், 0.5 ஆனால் மூன்றில் ஒரு பங்கு நீரை உடனே மாற்றுங்கள்.

நம் பகுதியில் இந்த எண்களைச் சற்றும் அலட்சியம் செய்யக் கூடாது. நீரில் கரைந்த அமோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பையும் வெப்பத்தையும் பொறுத்தது. 30 டிகிரியில் பிஎச் 7 உள்ள நீரில் அந்தப் பங்கு ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அது 7 சதவிகிதத்தைத் தாண்டும். கடினமான ஆழ்துளை நீரும் கோடை வெப்பமும் சேர்ந்த தொட்டியில், குளிர்ந்த மென்னீர்த் தொட்டி தாங்கும் அளவே உயிரைக் குடிக்கும். நைட்ரைட் ஏறினால் நீர் மாற்றத்தோடு 10 லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் அயோடின் சேராத கல் உப்பைக் கரைத்து விடுவது உதவும். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உடலுக்குள் புகுவதைத் தடுக்கிறது.

மூன்றாம் நாள் வாக்கில் நீர் வெண்மையாக மங்கலாம். அது மணல் தூள் அன்று, நீரில் மிதந்து பெருகும் வேறு பாக்டீரியாக்கள். ஃபில்டரையும் காற்றையும் விடாமல் ஓட்டினால் சில நாளில் தானே தெளியும். மணலை மீண்டும் எடுத்துக் கழுவிவிடாதீர்கள்.

எடுத்த பழைய மணல்

அதை ஊரணியிலோ கண்மாயிலோ கொட்டக் கூடாது. மழைநீரைத் தேக்கித் தலைமுறை தலைமுறையாகக் குடிநீருக்கு வைத்திருந்த நீர்நிலைகள் அவை. தொட்டி மணலில் நத்தை முட்டையும், நீர்ச்செடியின் வேர்த்துண்டும், பாசியும் ஒட்டியிருக்கும். ஒரு துண்டு வேர் போதும், ஊரணி முழுவதும் பரவ. தொட்டியில் பெரிதாகிவிட்ட சக்கர் மீனைக் கொண்டுபோய் விடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் அந்த மீன் ஏற்கெனவே பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மணலை மாடியில் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, நல்ல வெயிலில் ஒரு வாரம் புரட்டிப் புரட்டிக் காயவையுங்கள். காய்ந்தபின் நாற்றம் போய்விடும், ஒட்டியிருந்த உயிர்களும் மடிந்துவிடும். சாயம் போன வண்ணக் கற்களையும் கூரான சில்லுகளையும் தனியே பிரித்து, பூந்தொட்டிகளின் அடியில் நீர் வடிவதற்குப் போடலாம். சிப்பி கலந்த மணலைச் செம்பருத்திக்கோ மல்லிகைக்கோ போட வேண்டாம். நல்ல குவார்ட்ஸாக இருந்தால் சலித்து, சாக்கில் கட்டி, ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள். நோயுற்ற மீனைத் தனியே வைக்கும் சிறு தொட்டிக்கு அது என்றாவது பயன்படும்.